கழற்றிய கூரை

சில வருஷங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை அடைமழையில், நமுனுகுல மலைப்பக்கம் நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. மழை என்றால் சும்மா தூறல் இல்லை. துவைத்த துணி காயாது, விறகு பற்றாது, பதுளைக்குப் போகிற பஸ் பாதி வழியில் திரும்பிவிடும். நான் பதுளை பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சிங்களவர்கள். அவர்களோடு பேசிப் பேசியே எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. தோட்டத்துக்கு எந்த அதிகாரி வந்தாலும், "அந்தக் கடைக்காரப் புள்ளயக் கூப்பிடு" என்று ஆள் அனுப்புவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன்.

நாங்கள் முன்பு இருந்தது வெள்ளைக்காரன் காலத்து லயம். நீளமாக ஒரே கூரை, அதன் கீழே வரிசையாக ஒற்றை அறைகள். அறையைக் காம்பரா என்போம். லயத்துக்குப் பின்னால் செங்குத்தான மண்மேடு. அந்த மேட்டில் வெடிப்பு விழுந்திருக்கிறதென்று டவுனிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்து, இங்கே ஆட்கள் குடியிருக்கக் கூடாது என்று சிவப்புப் பலகை நட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு கீழே தட்டையான இடத்தில் அரசாங்க வீட்டுத் திட்டம் வந்தது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்று ஒரு சின்னத் துண்டுக் காணி, அதில் சின்னதாக ஒரு வீடு. எங்கள் வீட்டுக்காரருக்குத் தோட்டத்து ஃபேக்டரியில் வேலை என்பதால் எங்களுக்குக் கிடைத்தது.

பக்கத்துக் காம்பரா அக்காவுக்குக் கிடைக்கவில்லை. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்களுக்குத்தான் வீடு. அக்கா முட்டி வலி தாங்காமல் கொழுந்து பறிப்பதை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது, புருஷன் இறந்துவிட்டார், ஒரே மகன் கொழும்பில் ஹோட்டல் வேலை. வீடு கொடுக்க வந்த அதிகாரியிடம் அக்கா ஒரு கேள்வி கேட்டார். "ஏங்க, மேடு சரிஞ்சா பேர் பதிஞ்சவங்க தலையில மட்டுந்தான் விழுமா?" கூட்டமே சிரித்தது. நான் அதை மொழிபெயர்த்தபோது அந்த அதிகாரியும் சிரித்தார். ஆனால் வீடு மட்டும் கொடுக்கவில்லை.

அக்கா எனக்கு உறவு இல்லை. ஆனால் லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, மேலே திறந்துதான் கிடக்கும். இந்தப் பக்கம் கருவாடு பொரித்தால் அந்தப் பக்கம் பசிக்கும். நான் கடைக்குப் போன நாளெல்லாம் என் மகளைச் சோறூட்டி வளர்த்தது அவர்தான். வாய் மட்டும் பொல்லாத வாய். நாங்கள் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று முதல் ஆளாக வந்து, "அடுப்பை எந்த மூலையில வச்சிருக்கா பாரு, கூறுகெட்டவ" என்று ஏசி, தன் கையாலேயே பாலைப் பொங்கவிட்டு, எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு மேலே போனார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு நடைமுறை உண்டு. ஒரு காம்பரா காலியானால் ஏணியோடு ஆட்கள் வந்து அந்தக் காம்பராவுக்கு மேலே இருக்கிற தகரங்களைக் கழற்றிவிடுவார்கள். வேறு யாரும் ரகசியமாகக் குடிவந்துவிடக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு குடும்பமாக இறங்க இறங்க, லயம் ஒவ்வொரு காம்பராவாக மொட்டையானது. கடைசியில் அக்காவின் காம்பராவுக்கு மேலே மட்டும்தான் கூரை நின்றது, கிழவி வாயில் ஒற்றைப் பல் மாதிரி.

ஆள் இருக்கும்வரைதான் கூரை. அது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவர் காம்பராவை விட்டு நகர்வதே இல்லை. பண்டாரவளையில் சொந்தத் தம்பி மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போவார், ஓட்டமும் நடையுமாகத் திரும்புவார். நாங்கள் எத்தனையோ தடவை கெஞ்சினோம். "தலைக்கு மேல போன வெள்ளம் சாண் போனா என்ன, முழம் போனா என்ன. நீ போய் ஒன் சோலியப் பாரு" என்பார்.

அப்போதுதான் அந்த மழை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கிராம சேவகர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். சின்ன வயசு, சிங்களப் பையன், எங்கள் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. குடை மடங்கிப்போயிருந்தது, அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தம். மேட்டு வெடிப்பிலிருந்து சேற்றுத் தண்ணீர் வருகிறது, மேலே லயத்தில் இருக்கிற அந்த அம்மாவை எப்படியாவது பள்ளிக்கூடத்து முகாமுக்குக் கூட்டிப்போக வேண்டும், நீங்கள் வந்து பேசுங்கள் என்றார். யாரும் அனுப்பி வந்தவர் இல்லை, உண்மையிலேயே பதறித்தான் வந்திருந்தார்.

இரண்டு பேரும் வழுக்கி வழுக்கி மேலே ஏறினோம். அக்கா அடுப்பு முன்னால் குந்தியிருந்தார். பின் சுவர் முழுக்க ஈரம். வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கடைசியில், "நான் வெளிய எறங்கினா கூரையக் கழட்ட மாட்டாங்கன்னு அவர்கிட்ட கேட்டுச் சொல்லு" என்றார். கேட்டேன். அந்தப் பையனுக்கு ஆச்சரியம். யார் கழற்றப்போகிறார்கள், மழை விடும்வரை தானே, அதற்கு நான் பொறுப்பு என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். நான் அக்கா பக்கம் திரும்பிச் சொன்னேன்: "ஒண்ணும் ஆகாதுக்கா. கூரை அப்படியே இருக்கும். மழை விட்டதும் வந்துரலாம், வாங்க."

அக்கா எழுந்தார். ஒரு பையில் துணி, முந்தானைக்குள் ஒரு கோழி, அவ்வளவுதான்.

பள்ளிக்கூட ஹாலில் அக்காவை மாதிரி மேட்டோர லயங்களிலிருந்து இறங்கி வந்த குடும்பங்கள் நிறைய. அக்கா அங்கே போனதும் ஆளே மாறிவிட்டார். பெரிய சட்டியில் பருப்பு கிண்டுவதும், பிள்ளைகளை அதட்டுவதும், கோழிக்குச் சோறு போடுவதுமாக ஒரே கலகலப்பு. எத்தனை நாள் கழித்து நான்கு பேரோடு இருக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டேன். மழை விட்டது. வெயில் அடித்த முதல் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

கூரை இல்லை.

தகரங்களை அழகாக அடுக்கி ரோட்டோரமாக வைத்திருந்தார்கள். காம்பராவுக்குள் பாய் ஊறிக் கிடந்தது, அரிசி டின்னில் தண்ணீர் நிறைந்து வழிந்தது, சாமிப் படங்கள் சுவரோடு ஒட்டிச் சாயம் இறங்கியிருந்தன. அக்கா அழவில்லை. சட்டியில் கிடந்த மழைத்தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்தார். 

தோட்டத்து ஆபீஸில் கேட்டோம். சிவப்புப் பலகை போட்ட லயம் காலியானால் கூரையைக் கழற்றச் சொல்லி அரசாங்கத்துக் கூட்டத்தில்தான் சொன்னார்கள் என்றார்கள். கிராம சேவகர் ஓடி வந்தார், யார் யாருக்கோ போன் போட்டார், கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. பதுளைக் கச்சேரியில், அதுதான் மாவட்ட அரசாங்க ஆபீஸ், அது தோட்டத்துச் சொத்து என்றார்கள். பிரதேச சபையில், கட்டுவதற்குத்தான் எங்களிடம் அனுமதி, உடைத்ததெல்லாம் எங்களுக்குத் தெரியாது என்றார்கள்.

சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று எங்கள் காணியிலேயே பின்பக்கம் அக்காவுக்கு ஓர் அறை எழுப்பத் தொடங்கினோம். நான்கு கல் வரிசைகூட ஏறவில்லை, சபையிலிருந்து ஆள் வந்து நிறுத்திவிட்டார். வரைபடம் வேண்டும், அதற்குக் காணியின் உறுதிப் பத்திரம் வேண்டும் என்றார். எங்களுக்கு வீடு தந்தவர்கள் காணி உறுதியை இன்னும் தரவில்லை. தோட்டத்து ஆபீஸில் போய் நின்றால், காணியை அரசாங்கத்துக்குக் கொடுத்தாயிற்று, நாங்கள் கையெழுத்து வைக்க முடியாது என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி யாரென்றே தெரியவில்லை. இருந்த கூரையைக் கழற்ற ஒருத்தரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை, ஒரு சுவர் வைக்க ஊரையே கேட்க வேண்டியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல!

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்தேன். "அந்தாளு நாசமாப் போக! பொறுப்புன்னு நெஞ்சில கைய வச்சிச் சொன்னாரே, இப்ப எங்க போனாரு?"

கூரை போனதிலிருந்து எங்களோடு இருந்த அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "அந்தப் புள்ளய ஏசாத தங்கச்சி. அவரு என்ன சொன்னாருன்னு எனக்கு எங்க வெளங்கிச்சு? நீ சொன்ன, நான் வந்தேன்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஏதோ உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார்.  யோசித்துப் பார்த்தால், அவர் சொல்கிறார் என்றுகூட நான் சொல்லவில்லை. ஒண்ணும் ஆகாது என்றுதான் சொன்னேன். அக்காவைப் பொறுத்தவரை அரசாங்கம், தோட்டம், சபை எல்லாமே அன்றைக்கு என் குரலில்தான் பேசியது.

எங்கள் முன்னறையில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டி அதற்குப் பின்னால் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு மகன் வந்து கொழும்புக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு வாடகை அறை, வெளியே இறங்கினால் சாக்கடையாம். போனில் பேசும்போதெல்லாம் கடைசியாக, "மேடு சரிஞ்சிச்சா?" என்று கேட்பார். இல்லக்கா என்பேன். இன்றுவரை சரியவில்லை. சரிந்திருந்தால், நல்லவேளை தப்பித்தீர்கள் என்று சொல்லியாவது மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அப்படி நினைப்பதும் பாவம்தான், ஆண்டவர் மன்னிக்கட்டும்.

இப்போதும் அதிகாரிகள் வந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போகாமல் இருக்க முடியவில்லை, போக வேறு ஆளும் இல்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால், "இது அவரு சொல்றது, நான் சொல்லல" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன். நம் சனங்கள் சரி சரியென்று தலையாட்டுகிறார்கள். ஆனால் அதிகாரி பேசி முடித்ததும் அவரைப் பார்க்காமல் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள், நான் நம்பினால் தாங்களும் நம்பலாம் என்பது போல.