வெள்ளைக் கோடு போட்ட வார்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுப் பால்கனிக் கொடியில் ஒரு கறுப்பு மிதவை ஜாக்கெட் காய்கிறது. ஸ்கூபா நீச்சலுக்குப் போகிறவர்கள் முதுகில் சிலிண்டரைப் பிணைத்துக்கொள்ளவும், காற்றை ஏற்றியிறக்கி மிதக்கவும் அமிழவும் போட்டுக்கொள்வது. அதன் இடுப்பு வாரில் பெயிண்ட் பேனாவால் இழுத்த ஒரு வெள்ளைக் கோடு. இழுத்தவர் என் சகலை, மனைவியின் அக்காள் கணவர். அந்தக் கோட்டைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் இருவருக்கும் ஒரே உடம்புவாகு. தீபாவளிக்கு மாமியார் ஒரே துணியில், ஒரே அளவில் இரண்டு சட்டை எடுப்பார். போட்டுக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எல்லோரும் அவரைத்தான் பாராட்டுவார்கள். என் மனைவி அவரை 'மாமா' என்று கூப்பிடும்போது குரலே தனியாகப் பணியும். எனக்கு அந்தக் குரல் ஒருநாளும் கிடைத்ததில்லை. நாங்கள் மூவரும் சேர்ந்து ஸ்கூபா கற்றோம். கடலில் இரண்டிரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும். அவளோடு இறங்குவது நானாக இருக்க வேண்டும். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

ஜாக்கெட் வாங்க அவர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் தரப் பரிசோதனை வேலை பார்த்தவர், அந்தப் புத்தி எங்கே போகும்! கடையில் நீச்சல் உடையின் மேல் மாட்டி, காற்றை முழுக்க ஏற்றி, மூச்சு முட்டுகிறதா என்று பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு காற்றை வெளியேற்றும் வால்வுகளைக் கையால் தேடினார். "ஒரு சிலிண்டருக்கு இவ்ளோ தூக்கினா போதும் சகலை. ஜாஸ்தி இருந்தா தொந்தரவு" என்றார். அவருக்குப் போதுமென்றால் எனக்கு அதைவிடப் பெரிதாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. யாரோ விற்ற ஒன்றை, அவருடையதைப் போல இரண்டு மடங்கு எடை தூக்குவதை, போட்டுக்கூடப் பார்க்காமல் வாங்கினேன்.

முருடேஸ்வரம் கடலில் இறங்கக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, நீச்சல் குளத்தில் இறங்கினேன். காற்றுப்பை சிலிண்டரைச் சுற்றிச் சப்பாத்திபோல மடிந்துகொண்டது. காற்று ஒரு பக்கம் மாட்டிக்கொள்ள, நான் ஒருக்களித்து மிதந்தேன்.

"சார், இது ரெண்டு சிலிண்டர் மாட்றவங்களுக்கு. இதப் போட்டுட்டு உங்கள கடல்ல விட மாட்டேன்" என்றார் பயிற்சியாளர். "வாடகை ஜாக்கெட்டும் எல்லாம் புக் ஆயிடுச்சு. மேடம் அவங்க மாமாவோட இறங்கட்டும்."

"சரி மாஸ்டர்" என்றாள் மனைவி. கொஞ்சம் யோசித்தாவது சொல்லியிருக்கலாம்.

படகில் நான் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். இறங்கும் நேரம் சகலை தன் ஜாக்கெட்டைக் கழற்றி என் மடியில் வைத்தார். "நீங்க போங்க. நமக்கு ஒரே சைஸ்தானே? கோடு வரைக்கும் இழுத்துக்குங்க, சரியா நிக்கும்." வேண்டாம் என்று சொல்லும் பெருந்தன்மைகூட எனக்கு இல்லை. கோடு வரை இழுத்தேன். கடலுக்கடியில் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல், யாரோ உள்ளங்கையில் தாங்கியதுபோல நின்றேன். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு மீன் கூட்டம் பார்த்தேன். மேலே வந்து முகமூடியைக் கழற்றியதும் அவள் முதலில் சொன்னது: "பாவம் மாமா, நமக்காக விட்டுக்கொடுத்துட்டாரு."

சகலை இப்போது மஸ்கட்டில் இருக்கிறார். போகும்போது ஜாக்கெட்டை என்னிடமே தந்துவிட்டார். போன வாரம் கடலுக்குப் போனபோது வாரை அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை இறுக்கிக்கொண்டேன். காற்று ஏறியதும் நெஞ்சை அடைத்தது. மனைவி அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது பழையபடி கோட்டுக்கே தளர்த்தினேன்.

"மாமா போட்ட கோடு, சரியாத்தான் இருக்கும்" என்றாள், திரும்பாமலே.