அண்ணன் பேச்சு நின்ற வீடு

போன சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார், உங்ககிட்ட ஒரு சண்டை இருக்கு!"

திரும்பினால், இந்தப் பத்தியின் வாசகி ஒருவர். பள்ளி ஆசிரியை. கையில் கீரைக்கட்டு.

"பழைய நாவலா எடுத்துப் படிக்கிறேன், சார். குடும்பத்துல அண்ணன் திடீர்னு மாறிடுறாரு. சாமியாராப் போறாரு, இல்ல புத்தி பேதலிச்சுப் போறாரு. எழுதுறவரும் அவர் பின்னாடியே போயிடுறாரு. வீட்டுல இருக்கிற தம்பி தங்கச்சி என்ன ஆனாங்க? அவங்களும் மனுஷங்கதானே லா?"

நியாயமான சண்டைதான். வீட்டுக்கு வந்து அலமாரியைக் குடைந்து பார்த்தேன். ஒரு நாவலில் அண்ணன் இருபது அத்தியாயம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் தாடியோடு திரும்பி வருகிறார். தங்கையோ... அதே ஜன்னலோரம், அதே பூவைத் தொடுத்துக்கொண்டிருக்கிறாள்!

நிஜத்தில் அப்படி இருக்குமா? ஒரு வீட்டை எனக்குத் தெரியும்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு, டிராலி பஸ் ஓடிக்கொண்டிருந்த காலம். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தேன். எங்களுக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. அவர்கள் தும்மினால் என் மனைவி 'நூறு வயசு' என்பாள்.

அங்கே மூன்று பேர். மூத்தவர் சபாபதி, துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. பெற்றோர் போனபின் தம்பி, தங்கையை வளர்த்தவர். அதற்காகவே கல்யாணம் செய்துகொள்ளாதவர். கணீரென்ற குரல். என்ன சமைப்பது, எந்தச் சட்டை போடுவது, எந்தப் படத்துக்குப் போவது... எல்லாம் அந்தக் குரல்தான் தீர்மானிக்கும். தம்பி நடேசனுக்குக் கவலையே கிடையாது. ஃபேரர் பார்க்கில் பந்து விளையாடுவான். சீட்டியடித்துக்கொண்டே படியேறுவான். தங்கை கமலம்? இரண்டு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் அவள் குரலை நான் கேட்டதில்லை. தலையாட்டுவாள், அவ்வளவுதான்.

ஒருநாள் காலை, சவரம் செய்துகொண்டிருந்த சபாபதி அப்படியே சரிந்தார். பக்கவாதம். பெரியாஸ்பத்திரியில் ஒரு மாதம். கை, கால் அசைவு மெல்ல மெல்லத் திரும்பியது. பேச்சு வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

முதலில் மாறியது நடேசன். சீட்டி நின்றது. பந்து கட்டிலுக்கு அடியில் போனது. அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணனைப் போலவே தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இந்த வீட்ல இனிமே நான் சொல்றதுதான்" என்பான். பயந்துபோன பிள்ளையின் அதிகாரம் அது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

சில வாரம் கழித்து, ஒரு சாயங்காலம், தடுப்புக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு பெண் குரல். தெளிவாக, கொஞ்சம் அதட்டலாக: "அண்ணனுக்குக் கையைப் பிடிச்சுவிடணும். ரேடியோவை அணை!"

"விருந்தாளியா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"நல்லா இருக்கு. நம்ம கமலம்தாங்க!"

ஆஸ்பத்திரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்தவள், தாதிகள் செய்வதையெல்லாம் கவனித்திருக்கிறாள். கேட்டிருக்கிறாள். கற்றிருக்கிறாள். ஒருநாள் தாதிப் பயிற்சிக்கான விண்ணப்பத்தையே வாங்கி வந்துவிட்டாள். அன்றைக்குத்தான் பெரிய ரகளை.

"மிஸ்ஸி வேலைக்கா? கண்டவனுக்கும் கட்டுப் போடவா?" இது நடேசன். "அண்ணன் இருந்தா விடுவாரா?"

"அண்ணன் இருக்காரு. உன் எதிர்லதான் உக்காந்திருக்காரு."

பிறகு காகிதத்தைப் பிடுங்கும் ஓசை. "கிழிச்சுப் போட்டுடுவேன்!"

அப்போது மூன்றாவதாக ஒரு குரல். கரகரவென்று, உடைந்து உடைந்து.

"குடுத்துடு... அவ போகட்டும்."

நானும் மனைவியும் ஓடினோம். நடேசன் அண்ணன் காலடியில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தான். "அண்ணே, பேசுறீங்களா அண்ணே... பேசுறீங்களா..." கமலம் அசையாமல் நின்றாள்.

சில நாள் கழித்து, கோப்பிக்கடையில் சபாபதியோடு உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்: "அன்னிக்குத்தான் பேச்சு வந்துச்சா?"

அவர் சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

"மூணு வாரம் முன்னாடியே வந்துடுச்சு, சார். குளிக்கிற அறையில 'கமலம்'னு சொல்லிப் பாத்தேன். வந்துச்சு."

"ஏன் சொல்லலை?"

"நான் பேசினா அது மறுபடி வாயை மூடிக்கும். இருபத்திரண்டு வயசாகுது அதுக்கு. குரல் எப்படியிருக்கும்னே தெரியாம இருந்திருக்கேனே, சார்!" கோப்பியை ஆற்றிக்கொண்டே, "தம்பி பேசுறதைத்தான் கேக்க முடியலை. அப்படியே நான் பேசுற மாதிரியே இருக்கு..." என்றார்.

கமலம் பயிற்சி முடித்து, இன்று வெள்ளைச் சீருடையில் ஒரு வார்டையே ஆட்டிவைக்கிறாள். பழைய நடேசன் பாதிதான் திரும்பினான். பந்து விளையாடப் போகிறான். அந்தக் கனைப்பு மட்டும் போகவேயில்லை. பேச்சு முழுதாக வந்தபிறகும் சபாபதி குறைவாகவே பேசுகிறார்.

நோய் அவர்களை மாற்றியதா? இல்லை, உள்ளே எப்போதும் இருந்த கமலத்துக்கு வெளியே வர இடம்தான் கிடைத்ததா? எத்தனை யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் பெரிய மாற்றம் யாருக்கோ நேரும்போது, பக்கத்தில் நிற்பவர்களைப் பார்ப்பதுதான் சுவாரசியம்.

சோதித்துப் பார்க்க, இந்த வாரம் இரண்டு நாள் வீட்டில் வாயே திறக்காமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை மகள் மெதுவாக வந்து சொன்னாள்: "அப்பா, இன்னும் ஒரு வாரம் இப்படியே இருங்களேன்!"