ஒரு சைஸ் பெரிய மோட்டார்

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நியூஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்து திருமூர்த்தியின் வலது கையைப் பார்த்துக்கொள்ளலாம். காட்டுவான். ஆனால் மதியம் இரண்டரை மணிக்கு மேல் காட்டமாட்டான். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். இமிகிரேஷனிலிருந்து அவனுக்கு வந்த கடிதத்தை நானே வாங்கிப் படித்தேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் போனது. உங்களுக்கும் போனால் என்னைத் திட்டாதீர்கள்.

திருமூர்த்திக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். இன்ஜினியரிங் முடித்துவிட்டு கோயம்புத்தூரில் ஆறு வருடம் பம்ப்செட் கம்பெனியில் குப்பை கொட்டியவன். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தே காய்ச்சல் சொல்லிவிடுவான். 1999இல் அவன் வேலை பார்த்தது பவுண்ட் ப்ரூக் பக்கம் ஒரு ரப்பர் பசை ஆலையில், மெயின்டனன்ஸ் இன்ஜினியராக. அங்கே மூன்றாம் நம்பர் மிக்ஸர் என்று ஒன்று இருந்தது. ஒரு ஆள் காலை மடக்கிப் படுக்கும் அளவுக்கு இரும்புத் தொட்டி. அதற்குள் வளைந்த இரண்டு தடித்த பிளேடுகள், ஒன்றையொன்று உரசாமல் சுற்றும். அதை ஓட்டுவது பதினைந்து ஹெச்.பி. மோட்டார்.

ஆறு மாதத்தில் மூன்று மோட்டார்கள் எரிந்துவிட்டன. மூன்றுமே மதியம் 2:40க்கு எரிந்தன.

பேரிங் பார்த்தான். கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்தான். எல்லாம் சுத்தம். எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று காட்டும் டாங் டெஸ்டரை வயரில் மாட்டி, மிக்ஸரைக் காலியாக ஓட்டிப் பார்த்தான். ஏழு ஆம்ப் காட்டியது, அதுதான் சரி. 2:40 ஆனதும் முள் தானாக ஏறி இருபத்தாறில் நின்றது. பத்தொன்பதுக்கு மேல் போனாலே அந்த மோட்டாருக்கு ஆகாது. பதினோரு நொடி கழித்து மறுபடி ஏழு. காலித் தொட்டிக்குள் எதையோ போட்டு அரைத்த மாதிரி.

மேனேஜர் நல்ல மனிதர் இல்லை. இன்னொரு மோட்டார் எரிந்தால் உன் இடத்துக்கும் சேர்த்து ஆள் பார்க்கிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். திருமூர்த்தியின் கிரீன் கார்டு அந்தக் கம்பெனி மூலமாகத்தான் போயிருந்தது. கைரேகை எடுக்கக் கூப்பிடுவது மட்டும் பாக்கி. அதற்குள் வேலை போனால் அவன், மனைவி கலாவதி, ஐந்து வயது ரோஷினி, மூன்று பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஜூலை 4, ஞாயிற்றுக்கிழமை. ஆலைக்கு விடுமுறை. மதியம் 12:10க்கு ஹாஜா நஜ்முதீன் தன் வேனோடு வந்து சேர்ந்தார். எடிசனில் பழைய மோட்டார்களைச் சரிசெய்து விற்கும் கடை அவருடையது. கீழக்கரைக்காரர். வேனில் இரண்டு மோட்டார்கள் இருந்தன. ஒன்று பதினைந்து, மற்றது இருபத்தைந்து.

"மூர்த்தி, ரெண்டும் இருக்கு. என்னைக் கேட்டா பதினஞ்சுதான் இதுக்கு கரெக்ட் சைஸ். அதையே போடுங்க."

"இல்லீங்க பாய். பெருசே போட்டுக்கலாமுங்க."

"காலி மெஷின் ஏன் இருபத்தாறு ஆம்ப் இழுக்குது? உள்ள ஏதோ பிளேடைப் புடிக்குது. அது என்னன்னு மொதல்ல பாருங்க."

"எல்லாம் பாத்தாச்சுங்க. எங்கூர்ல வோல்டேஜ் கம்மி. அஞ்சு போதும்னா ஏழரைதான் மாட்டுவோம். ஒண்ணும் ஆவாதுங்க."

"புடிக்கிறது எதுன்னு தெரியாம பெருச மாட்டினா, அதைப் போட்டு நசுக்கும். அவ்வளவுதான்."

இந்த ஒரு சைஸ் மேலே போடுகிற புத்தி இருக்கிறதே, அது கோயம்புத்தூர்க்காரன் ரத்தத்தில் ஊறியது. மோட்டார் மட்டுமா? வயர், போல்ட், பிள்ளைக்கு வாங்கும் பள்ளிக்கூடச் சட்டை வரைக்கும் எல்லாம் ஒரு சைஸ் மேலேதான். திருமூர்த்தி அசையவில்லை. பெரிய மோட்டாருக்கான வயரையும் ஓவர்லோடு ரிலேவையும் முந்தின நாளே மாற்றி வைத்திருந்தான். பாய் மோட்டாரை இறக்கிக் கொடுத்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டுத் தோட்டத்தில் கறி சுட்டுச் சாப்பிடும் குக்கவுட்டுக்குக் கிளம்பிப் போனார். ஆலையில் அவன் மட்டும்தான்.

1:15. செயின் பிளாக்கில் தூக்கி மோட்டாரை பேஸ் பிளேட்டின் மேல் வைத்தான். பெரிய மோட்டாருக்குக் கால் அகலம். புது ஓட்டை போட வேண்டும். இடம் குறிப்பதற்காகப் பெயின்டைச் சுரண்டினான்.

அங்கே ஏற்கெனவே ஓட்டை இருந்தது.

நான்கு ஓட்டைகள். பட்டி வைத்து அடைத்து, மேலே பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். பட்டியைக் குத்தி எடுத்துவிட்டு போல்ட்டை விட்டான். நான்கும் அச்சாகப் பொருந்தின. இதே அளவு மோட்டார் இங்கே முன்பு இருந்திருக்கிறது. யார் எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், ஏன் மறைத்தார்கள் என்று அவன் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டான்.

2:20. பெல்ட் மாட்டியாகிவிட்டது. கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவில் போட்டான். மெஷின் பக்கம் போகும்போது எப்போதும் செய்வதுதான்.

2:37. சுவிட்சைப் போட்டான். மோட்டார் மெத்தென்று கிளம்பியது. டாங் டெஸ்டரில் பதினொன்று. நல்ல கணக்கு.

வெளியே தெருவில் பிள்ளைகள் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

2:40.

பதினெட்டு... இருபத்தாறு... முப்பத்தொன்று.

பெல்ட் கிறீச்சிட்டது. தொட்டி ஆடியது. பதினைந்தாக இருந்தால் இந்நேரம் திணறியிருக்கும். இது திணறவில்லை. முப்பத்தாறு...

'கடக்.'

பட்டாசு இல்லை. தொட்டிக்குள்ளிருந்து வந்தது. பச்சை மூங்கிலை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம். 'கடக்... கடக்...' அப்புறம் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு சத்தம்.

பதினோரு நொடி. முள் பதினொன்றுக்கு இறங்கியது.

திருமூர்த்தி சிரித்தான். ஆமாம், சிரித்தான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான். பாவம்.

2:46. சுவிட்சை அணைத்தான். மெயின் லீவரைக் கீழே இறக்கி, தன் பூட்டைப் போட்டுப் பூட்டினான். சாவியைச் சட்டைப்பையில் போட்டான். அந்தப் பூட்டுக்கு உலகத்திலேயே ஒரு சாவிதான். அதை மறந்துவிடாதீர்கள்.

தொட்டி மூடியைத் தூக்கினான். உள்ளேயிருந்து சூடான காற்று முகத்தில் அடித்தது. அதில் கறிக்கடை வாசம்.

தொட்டி காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

அடியில் ஒரு தோல் கையுறை மட்டும் கிடந்தது. பழுப்பு நிறம். வலது கைக்கானது.

காலையில் அந்தத் தொட்டியை அவனே துடைத்திருந்தான். அப்போது அது இல்லை. யாரோ விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குனிந்து வலது கையை நீட்டினான்.

தொட்டான்.

கனமாக இருந்தது.

கையுறைக்குள்... கை இருந்தது.

அது திரும்பி அவன் கையைப் பிடித்தது.

உடும்புப்பிடி. எலும்போடு எலும்பு நெரிந்தது. அலறினான். மற்ற கையைத் தொட்டி விளிம்பில் ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்து இழுத்தான். தோள் 'டக்' என்று கழன்றது. பிடி விடவில்லை.

அப்போது பிளேடு நகர்ந்தது.

மின்சாரம் இல்லை. பூட்டு தொங்குகிறது. சாவி பையில் இருக்கிறது.

பிளேடு... மெல்ல... சுற்றியது.

ஒரு ஜாண்.

இன்னொரு ஜாண்.

'கடக்.'

நடுவிரல். அப்புறம் மோதிரவிரல்.

பிடி விட்டது.

3:05க்கு ஹாஜா பாய் திரும்பி வந்தார். டெலிவரி சீட்டில் கையெழுத்து வாங்க மறந்துவிட்டாராம். தரையில் ரத்தச் சகதி. அதில் திருமூர்த்தி. பாய் தன் சட்டையைக் கிழித்து அவன் கையைக் கட்டினார். வேனில் குக்கவுட்டுக்கு வாங்கிய ஐஸ் இருந்தது, கறி திருப்புகிற இடுக்கி இருந்தது. இடுக்கியால் தொட்டிக்குள்ளிருந்து இரண்டு விரல்களை எடுத்துப் பையில் போட்டு ஐஸில் வைத்தார். கையுறை எதுவும் அங்கே இல்லை. ஒரு விரல் மட்டும் கொஞ்சம் சாம்பல் நிறமாக இருந்ததாம். ரத்தம் போனதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்பது மணி நேர ஆபரேஷன். இரண்டு விரல்களையும் ஒட்டவைத்துவிட்டார்கள். பூட்டு பூட்டியபடி இருந்ததால் திருமூர்த்தி மேல் தப்பு சொல்ல யாராலும் முடியவில்லை. கேஸ் போட்டுவிடுவானோ என்று பயந்து, கம்பெனி அவனுக்கு மேஜை வேலை கொடுத்தது. கிரீன் கார்டு விண்ணப்பம் பிழைத்தது. போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

ஆனால் மோதிரம் மட்டும் ஏறவில்லை. வீக்கம், போய்விடும் என்றார் டாக்டர். ஒரு வருடம் ஆகியும் ஏறவில்லை. நகத்தின் அடியில் கறுப்பாக ஒரு கிரீஸ் கோடு. எந்த சோப்புக்கும் போகவில்லை.

"ஏனுங்க, இந்த வெரல் உங்குளுதாட்டவே இல்லீங்க" என்றாள் கலாவதி ஒருநாள்.

"நசுங்குன வெரல் அப்படித்தான் இருக்கும். சும்மா இரு."

நிஜத்தில் அவனுக்கும் தெரிந்திருந்தது. அந்த விரல் ஒரு சைஸ் பெரிசு.

2000 ஆகஸ்டில் கைரேகை எடுக்கக் கூப்பிட்டார்கள். பத்து விரலையும் வைத்துவிட்டு வந்தான். அக்டோபரில் கடிதம் வந்தது. ஒன்பது ரேகைகள் விண்ணப்பதாரருடையவை, வலது மோதிரவிரலின் ரேகை வேறொருவருடையது, பழைய ராணுவப் பதிவில் இருக்கிறது என்று எழுதியிருந்தது. பெயர் எட்டி ஹோர்வாத். இறந்துவிட்டவர். இது எப்படி என்று எண்பத்து நான்கு நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தரவும்.

ஹாஜா பாய் லைப்ரரியில் உட்கார்ந்து பழைய பேப்பர்களைத் துழாவினார். கிடைத்தது. 1988, ஜூலை 4, மதியம் 2:40. விடுமுறை நாள் ஓவர்டைம். அதே ஆலை, மூன்றாம் நம்பர் மிக்ஸர். ஹோர்வாத்தின் கையுறையைப் பிளேடு கவ்வியது. பிளேடைப் பிடித்துத் தள்ளிப் போராடியிருக்கிறார். பதினோரு நொடி. அன்றைக்கு அதில் இருந்தது இருபத்தைந்து ஹெச்.பி. மோட்டார். பதினைந்து இருந்திருந்தால் கை மாட்டியதுமே திணறி நின்றிருக்கும் என்று விசாரணையில் சொன்னார்களாம். அதற்கப்புறம்தான் பதினைந்தைப் போட்டு, பழைய ஓட்டைகளை அடைத்தார்கள்.

உடம்பைத் துண்டு துண்டாக எடுத்துச் சேர்த்தார்கள். ஒரு விரல் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

அந்த வாரமே பாய் ஆலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு போன் செய்தார்.

"மூர்த்தி, அந்த மிக்ஸர்ல மறுபடி பதினஞ்சுதான் ஓடுது. ஒரு வருஷமா எரியல. ரெண்டு நாப்பதுக்கு நானே டாங் டெஸ்டர் போட்டுப் பாத்தேன். ஏழு ஆம்ப். அசையல."

"அப்படீங்களா பாய்."

"உள்ள புடிச்சிட்டிருந்தது... இப்ப உள்ள இல்ல."

அடுத்த ஞாயிறு. பிரிட்ஜ்வாட்டர் கோயில் பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு, ரோஷினியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். வலது கையால்.

"அப்பா... லெட் கோ."

அவன் காதில் விழவில்லை.

"அப்பா! இட் ஹர்ட்ஸ்! லெட் கோ!"

குனிந்து பார்த்தான். கட்டைவிரல் விரிந்திருந்தது. மற்ற மூன்று விரல்களும் விரிந்திருந்தன. ஒரே ஒரு விரல் மட்டும் குழந்தையின் மணிக்கட்டைச் சுற்றி... இறுகிக்கொண்டிருந்தது.

கலாவதி ஓடிவந்து இழுத்தாள். அவனும் இழுத்தான். இரண்டு பேராலும் பிரிக்க முடியவில்லை.

'கடக்.'

விட்டது. பதினோரு நொடி. காரில் மணி 2:40.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரிந்தது. தோலில் ஒரே ஒரு விரலின் தடம். ரோஷினி இப்போது அப்பாவின் பக்கமே வருவதில்லை. கடிதத்துக்குப் பதில் எழுத இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. திருமூர்த்தியின் சொந்த விரல் எங்கே என்று இதுவரை யாரும் தேடவில்லை.