கம்பெனி வாசலில் அக்கா

எங்கள் ஊரில் முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டாயைக் கம்பெனி என்றுதான் சொல்வார்கள். பண்ருட்டியிலிருந்து கடலூர் போகும் சாலையில் இறங்கி உள்ளே ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அஸ்பெஸ்டாஸ் கூரை, மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் கம்பிக் கதவு. என் அக்கா தைலம்மாள் பத்தொன்பது வயதில் அந்தக் கதவுக்குள் போனாள். அம்மா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எனக்கு நாலு வயது.

வறுத்த கொட்டையை இடது கையால் கல்மேல் நிறுத்தி, வலது கையில் இருக்கும் கட்டையால் ஒரே தட்டு. ஓடு பிளக்க வேண்டும், பருப்பு உடையக் கூடாது. ஓட்டிலிருந்து தெறிக்கும் எண்ணெய் பட்ட இடத்தில் தோல் வெந்துபோகும். சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவார்கள், பூசினாலும் வேகும். எனக்கு நினைவு தெரிந்து அக்காவின் விரல்கள் கறுப்புதான். என் படிப்புக்காக பேங்கில் கணக்குத் தொடங்கப் போனபோது அவள் கட்டைவிரலை மூன்று முறை மையில் தோய்த்து அழுத்தினார்கள். ரேகை விழவில்லை. பேங்க்காரர் என் விரலைப் பார்த்துவிட்டு, “நீ கையெழுத்துப் போடுவ இல்ல?” என்று கேட்டார். போடுவேன் என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் இல்லை.

2009 ஆகஸ்டில் நான் சிதம்பரத்தில் விலங்கியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, அக்கா ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றாள். வேலை நாளில் அவள் வந்ததே இல்லை.

“இன்னாக்கா?”

“ஒண்ணுமில்ல அறிவு. இங்க பெரிய டாக்டருங்க இருக்காங்களாமே.”

“யாருக்கு?”

“எனக்குத்தான். ஒரு கட்டி.”

எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண், “எந்த இடத்துல?” என்று என்னைக் கேட்டாள். நான் “உடம்புல” என்றேன். அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு அக்காவிடமே கேட்டுக்கொண்டாள். தவளையை அறுத்து உறுப்புகளின் பெயரை ஒவ்வொன்றாக எழுதியவன் நான். அந்த ஒரு சொல்லை என் வாயால் சொல்ல முடியவில்லை. எட்டு மாதம் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம், ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

இடது பக்கத்தை முழுதாக எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு ஆறு ஊசி, இருபத்தைந்து நாள் கரண்ட் என்கிற கதிர்வீச்சு. முடி கொட்டியது. சென்னையில் கொத்து வேலை செய்யும் அக்கா புருஷன் பொன்னுரங்கம் மாமா ஆபரேஷனுக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கம்பெனியில் எல்லோரிடமும் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறது என்று அக்கா சொல்லிவைத்திருந்தாள். எங்கள் பக்கம் அது சாதாரண விஷயம். வரிசையில் பத்து பேருக்கு மூன்று பேர் எடுத்தவர்களாக இருப்பார்கள். அதைப் பேசலாம், சிரிக்கலாம். இதை எப்படிப் பேசுவது?

கடைசியாக டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். இடது கையில் தீக்காயம் படக் கூடாது, வெட்டுப் படக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. பட்டால் கை வீங்கும். சீழ் வைத்தால் உயிருக்கே வினையாகலாம்.

எட்டு மாதத்தில் அக்காவின் கைகள் வெளுத்திருந்தன. உள்ளங்கையில் புதுத்தோல் வந்திருந்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். “இனிமே வீட்லயே இரு அக்கா. நான் பாத்துக்கறேன்” என்றேன். அப்போது நான் கடலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே தேர்வாணையத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

“வீட்ல உக்காந்தா இன்னா பண்றேன் தெரியுமா?” என்றாள் அக்கா. “அதையேதான் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு இருக்கேன். மறுபடி எங்கனா வந்திருக்கான்னு. அந்தப் பக்கம், இந்தப் பக்கம், கழுத்து, அக்குள். காத்தால இருந்து சாயந்தரம் வரைக்கும். பைத்தியம் புடிச்சிரும்டா. கொட்ட ஒடச்சா கை ரெண்டும் வேலையா இருக்கும்.”

2010 ஜூனில் திரும்பப் போனாள். முடி அரை அங்குலம் வளர்ந்திருந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். ஜாக்கெட்டின் இடது பக்கத்துக்குள் பழைய நூல் புடவைத் துண்டில் இலவம்பஞ்சை அடைத்துத் தைத்த ஒரு பொதியை வைத்துக்கொண்டாள். கொடியில் காய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன்.

பத்தாவது நாள் அவள் இடது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் கொப்புளித்திருந்தன. மணிக்கட்டு முதல் தோள்வரை கை பருத்துவிட்டது. கண்ணாடி வளையலைக் கழற்ற முடியாமல் உடைத்து எடுத்தோம். இடது கையில் கட்டையைப் பிடித்து, வலது கையால் கொட்டையை வைத்துப் பழகச் சொன்னேன். இரண்டு நாள் முயன்றாள். பாதிப் பருப்பு நொறுங்கியது. பக்கத்தில் உட்காரும் மங்கலம், “இன்னாடி, மாவு மில்லு வெச்சிருக்கியா?” என்று கேட்டாளாம். பழையபடி கொட்டையை இடது கைக்கே மாற்றிக்கொண்டாள்.

அவளைக் கேட்காமல் நான் முதலாளி ஞானசேகரனைப் போய்ப் பார்த்தேன். அக்காவுக்கு இடது கையில் நரம்புக் கோளாறு, சூடு படக் கூடாது என்று டாக்டர் சொல்கிறார் என்றேன்.

“இதுக்கு இன்னா தம்பி இப்பிடி தயங்கற? தோலு உரிக்கிற பக்கம் உக்கார வெச்சிட்டா போச்சு. பழைய ஆளு அது.” என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி டீயும் வாங்கிக் கொடுத்தார். “படிச்ச புள்ள ஒண்ணு வீட்ல இருந்தா எவ்ளோ நல்லது பாரு” என்று கணக்குப்பிள்ளையிடம் சொன்னார்.

தோல் உரிக்கிற பகுதியில் சூடு கிடையாது. உடைத்த பருப்பை அடுப்பறையில் காயவைத்துக் கொடுப்பார்கள். விரலால் தேய்த்து மேல்தோலை எடுத்தால் போதும். நான் வெற்றியோடு வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா சோற்றைப் பிசைந்த கையை எடுக்காமலே என்னைப் பார்த்தாள்.

“யாரைக் கேட்டுடா போன?”

“உன் கை இன்னா ஆவறது அக்கா?”

அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனாள். அடுத்த இரண்டு நாள் காய்ச்சல் என்று படுத்துவிட்டாள். தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. “நான் கெஞ்சி வாங்கின எடம், போவாம இருந்தா என் மானம் இன்னாவறது?” என்று கத்தினேன். மூன்றாம் நாள் எழுந்து போனாள்.

அன்று சாயங்காலம் ஜெராக்ஸ் கடை ஓனரின் டிவிஎஸ் ஃபிஃப்டியை வாங்கிக்கொண்டு அவளை அழைத்துவரப் போனேன். கம்பிக் கதவுக்கு வெளியே, ஓட்டுக் குவியல் பக்கம் நின்றேன். உடைக்கிற பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு நேராக வெளியே வந்தார்கள். உரிக்கிற பெண்கள் மட்டும் கதவுக்கு உள்ளே வரிசையாக நின்றார்கள். மேஸ்திரி கொளஞ்சியம்மாள் ஒவ்வொருத்தியாக நிறுத்தி, கொண்டையைத் தொட்டு, இடுப்பு மடிப்பைத் தடவி, ஜாக்கெட்டுக்குள் விரல் விட்டுப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உடைத்த பருப்பு எண்ணெயோடு இருக்கும். ஜாக்கெட்டில் வைத்தால் தோல் வெந்துவிடும். யாரும் திருட மாட்டார்கள், யாரும் சோதிக்கவும் மாட்டார்கள். உரித்த பருப்பு சுத்தமானது, விலை உள்ளது. அந்தக் கம்பெனி வேலையில்தான் நான் சாப்பிட்டேன், படித்தேன். ஆனால் இப்படிச் சோதிப்பது எனக்குத் தெரியாது. ஊரில் எந்த ஆம்பளைக்கும் தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை. பெண்கள் எல்லோருக்கும் தெரியும்.

அக்காவின் முறை வந்தது. கொளஞ்சியம்மாளின் கை இடது பக்கம் போய் நின்றது.

“இன்னாடி இது?”

“துணி.”

“துணியா? இப்பிடித்தான் எத்தினி பேரு சொல்லியிருக்காளுங்க. எடு வெளிய.”

“மேஸ்திரிம்மா, அது துணிதான். தனியா வாங்க, காட்றேன்.”

“தனியா இன்னா தனியா? தனியாப் போயி ஆளுக்குப் பாதியா?”

வரிசையில் சிரித்தார்கள். வெளியே நின்ற மங்கலம், “வுடு பெரிம்மா, அது அவ சொந்தப் பருப்பு” என்று கத்தினாள். சிரிப்பு இன்னும் கூடியது.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வண்டியை விட்டு இறங்கினேன். இறங்கி அங்கேயே நின்றேன். உள்ளே போய் என்ன சொல்வேன்? அந்தச் சொல் அப்போதும் வரவில்லை.

அவள் முந்தானைக்குள் கையை விட்டுப் பொதியை எடுத்துக் கொளஞ்சியம்மாளின் கையில் வைத்தாள். வேர்வையில் ஈரமாகி நசுங்கியிருந்தது. கொளஞ்சியம்மாள் அதை அமுக்கிப் பார்த்தாள். பிறகு அக்காவின் மார்பைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“கர்ப்பப்பைன்னுதானடி சொன்ன?”

“அதுமாதிரி ஒண்ணுதான்.”

பின்னால் யாரோ, “பாவம், புள்ள வாய் வெக்காத மாரு” என்றாள். கொளஞ்சியம்மாள் பொதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். வேண்டுமென்று செய்தாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் துடைத்தாள்.

அக்கா வெளியே வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும், “நாளைக்கும் வண்டி கெடைக்குமா?” என்று மட்டும் கேட்டாள். இனிமேல் போக மாட்டாள் என்று நினைத்திருந்த நான் தலையை ஆட்டினேன்.

அடுத்த நாள் வரிசையில் அவள் முறை வந்தபோது கொளஞ்சியம்மாள் அவளைத் தொடவே இல்லை. “நீ போ தைலு” என்றாள். அதற்கு மறுநாளும் அப்படியே. முன்னால் நிற்பவளைத் தடவுவாள், பின்னால் நிற்பவளைத் தடவுவாள், நடுவில் அக்காவுக்கு மட்டும் கையை ஆட்டி வழி விடுவாள். பக்கத்தில் உட்காருகிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருகிறார்கள் என்று அக்கா சொன்னாள். நாலாம் நாள் வரிசையில் ஒருத்தி, “அவளுக்கு இன்னா, மூட்டையா கட்டிக்கினு போனாலும் கேள்வி கெடையாது” என்றாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஐந்தாம் நாள் கொளஞ்சியம்மாள் கையை ஆட்டியபோது அக்கா நகரவில்லை.

“சோதிங்க.”

“போடின்னா. ஒன்ன யாரு சந்தேகப்பட்டா?”

“எல்லாரையும் சந்தேகப்படுறீங்க இல்ல? என்னையும் படுங்க.”

“எனக்கு மனசு வல்லடி.”

“எனக்கும்தான் வல்ல. சோதிங்க.”

வரிசை நின்றுவிட்டது. ஆபீஸ் அறையிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்து, “இன்னா அங்க லேட்டு? பாத்து அனுப்பு கொளஞ்சி” என்றார். கொளஞ்சியம்மாள் கொண்டையைத் தொட வந்தாள். அங்கே கொண்டை இல்லை. இடுப்பைத் தடவினாள். வலது பக்கம் பார்த்தாள். அதோடு கையை எடுக்கப் போனாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் இடது பக்கத்தில் வைத்து அழுத்தினாள். அன்று அங்கே துணியும் இல்லை.

“நல்லாப் பாத்துக்கோங்க. ஒண்ணும் எடுத்துக்கினு போவல.”

கொளஞ்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மூச்சு நேரம் இருக்கும். பிறகு அக்கா கையை விட்டாள். “அடுத்தது யாருடி, வா” என்று கொளஞ்சியம்மாள் சொன்னது சரியாகக் கேட்கவில்லை.

அக்கா வெளியே வந்தாள். நான் வண்டியை உதைத்துக் கிளப்பினேன். அவள் ஏறவில்லை. நான் எதுவும் பார்க்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நாளையில இருந்து நீ வர வேணாம் அறிவு,” என்றாள். “நான் மங்கலத்தோட நடந்து வந்துர்றேன்.”