சட்டைப் பையில் மூன்று பியூஸ் கட்டைகள்

முதல் நாள்

நாற்பத்திரண்டு வயதில் ‘டிரெய்னி’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குளச்சல் பக்கத்து ஐஸ் பிளாண்டுக்குள் நுழைந்தேன். வளைகுடாவில் லாரி ஓட்டி முதுகு போய்த் திரும்பியவன் நான். ஆறு மாதம் மெயின்டனன்ஸ் டிரெய்னிங், மானேஜர் தாசையனுக்குத் திருப்தி என்றால் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் மறுபடி பாஸ்போர்ட்டைத் தூசி தட்ட வேண்டியதுதான்.

எனக்கு வேலை சொல்லித் தந்தவர் ஷாஜிலா. ஐ.டி.ஐ. படித்த டெக்னீஷியன், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அமோனியா வாடையில் கண்ணீர் கொட்ட நின்ற என்னைப் பார்த்து, “அழாதீங்க அண்ணே, நான் இன்னும் ஏசவே தொடங்கல்ல” என்றார்.

முதலில் காட்டியது கிரஷர். பெரிய ஐஸ் கட்டிகளைப் பொடியாக்கும் மெஷின். அதன் பற்களில் சாக்கு நார் அடிக்கடி சிக்கும். எடுக்க வேண்டுமென்றால் தோள்வரை கையை உள்ளே விட வேண்டும். ஸ்விட்ச் பேனலோ சுவருக்கு அந்தப் பக்கம். அங்கே நிற்பவனுக்குக் கிரஷரில் இருப்பவர் தெரியாது. கம்ப்ரசர் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது.

அதனால் பிளாண்டில் ஒரு வழக்கம். கையை உள்ளே விடப்போகிறவர் பேனலிலிருந்து மூன்று பியூஸ் கட்டைகளையும் உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்; கட்டை இல்லாமல் மெஷினுக்குக் கரண்ட் வராது.

“உருவினவங்கதான் திரும்பப் போடணும். மானேஜர் சொன்னாலும் செரி, கலெக்டர் சொன்னாலும் செரி” என்றார் ஷாஜிலா.

மேஜைக்குள் இன்னொரு செட்

இந்த வழக்கத்தில் ஒரு வம்பும் உண்டு. வேலை முடிந்த அலுப்பில் பையோடு வீட்டுக்குப் போய்விடுவோம். ஒருநாள் துணி துவைக்கும்போது என் வீட்டுக்காரி மூன்று பீங்கான் கட்டைகளைக் கண்டெடுத்தாள். “சம்பளத்தக் கொண்டு வாருங்கன்னா, இத என்னத்துக்குக் கொண்டு வந்திருக்கிய?” என்று சிரித்தாள்.

அங்கே பிளாண்டில் கிரஷர் ஓடாமல், ஐஸ் கிடைக்காத மீன்பிடிப் போட்டுக்காரர்கள் தாசையனைப் பிய்த்து எடுத்திருந்தார்கள். மறுநாளே அவர் ஒரு ஸ்பேர் செட் வாங்கி மேஜைக்குள் வைத்துக்கொண்டார். நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன்.

நாலு போட்டு வந்த நாள்

டிரெய்னிங் முடியும் மாதம். நாலு போட்டு மீனோடு சேர்ந்து வந்த நேரத்தில் கிரஷர் சிக்கிக்கொண்டது. ஷாஜிலா கட்டைகளை உருவிக்கொண்டு கையை உள்ளே விட்டார். என்னைக் கிரீஸ் எடுக்க ஸ்டோருக்கு அனுப்பினார்.

நான் திரும்பியபோது பேனல் முன்னால் தாசையன், கையில் ஸ்பேர் செட். வாசலில் ஒரு போட்டுக்காரர், “ஏலே, மீனு கெட்டா ஒனக்க அப்பனா தருவான்?” என்று கத்திக்கொண்டிருந்தார்.

“சார், ஷாஜிலா எங்க?”

“அங்க ஒருத்தரும் இல்ல, பாத்தாச்சி. கட்டையோட எங்கயோ போயிட்டா. இதப் போடு.”

“ஒரு நிமிஷம் சார்” என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான், யாரும் இல்லை. ஆனால் நான் பேனலுக்குத் திரும்பி வரும் நேரத்தில் ஷாஜிலா வந்து கையை உள்ளே விட்டால்? பேனல் கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டேன்.

“கட்டை அவங்க பையில இருக்கு சார். அவங்க வரட்டும்.”

“ஒனக்கு வேல வேணுமா வேண்டாமா?”

“வேணும் சார்.”

“அப்ப மாறு. இல்லன்னா நாளைக்கு வரண்டாம்.”

நான் மாறவில்லை. வீரமெல்லாம் இல்லை. வீட்டுக்காரியின் முகம் வந்து வந்து போனது. வாசலில் ஏச்சு கூடிக்கொண்டே போனது.

கொஞ்ச நேரத்தில் ஷாஜிலா ஓடி வந்தார். சிக்கை எடுத்துவிட்டு, மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த போனைப் பேச, சத்தமில்லாத இடம் தேடி ரோட்டுக்குப் போயிருக்கிறார். கட்டைகளைப் போட்டதும் கிரஷர் அழகாக ஓடியது.

“பாத்தியா? நான் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? ஒண்ணும் ஆயிருக்காது” என்றார் தாசையன்.

“ஒண்ணும் ஆயிருக்காது சார்” என்றார் ஷாஜிலா. “நேத்து இதே நேரம் எனக்க கை உள்ளதான் கெடந்துது.”

தாசையன் ஸ்பேர் செட்டைத் தரையில் வைத்து, பேனல் மேலிருந்த ஸ்பேனரை எடுத்து, மூன்றையும் அவரே உடைத்தார். “லே செல்வா, நாளைக்கு நேரத்தோட வா” என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டுப் போட்டுக்காரரைச் சமாதானப்படுத்தப் போனார்.

இப்போது மெயின்டனன்ஸ் என் பொறுப்பில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அன்று உள்ளே யாரும் இல்லை. நான் காவல் நின்றது ஆளில்லாத கிரஷருக்குத்தான். இருந்தாலும் அடுத்த வாரம் நானே தோள்வரை கை விட்டுப் படுத்திருந்தபோது, வெளியே போட்டுக்காரர்கள் கத்தினார்கள், தாசையன் கத்தினார். நான் நிதானமாக நார் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பிளாண்டில் இருந்த மூன்றே மூன்று கட்டைகளும் என் சட்டைப் பைக்குள் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தன.