சொல்லாவிட்டால் புதுச்சேரி

பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிய காலத்தில், அவற்றைத் தேடும் கருவியை எழுதியவன் நான். அதில் பொத்தான்கள் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும்: முதலில் 'பதிவேடு', அதன் கீழ் 'பிறப்பு', அதற்கும் கீழ் 'தேடு', பிறகு பெயர். கட்டளைக்குள் கட்டளை. அரசு அலுவலகத்தில் பிரிவுக்குள் பிரிவு இருப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறு எப்படி எழுத வரும்? எந்தப் பிராந்தியம் என்றும் சொல்லலாம்: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம். சொல்லாவிட்டால் கருவி தானாகப் புதுச்சேரியை எடுத்துக்கொள்ளும். அதுதான் டீஃபால்ட். அப்படி ஒன்று இருப்பது தப்பில்லை. இருப்பதை மறைப்பதுதான் தப்பு. அதனால் ஒவ்வொரு விடைக்கும் கீழே 'புதுச்சேரியில் மட்டும் தேடப்பட்டது' என்று ஒரு வரி வரும்படி செய்திருந்தேன்.

என் மேலதிகாரிக்கு அந்த வரி பிடிக்கவில்லை.

“ஜனங்க எட்டிப் பாத்துட்டு, மத்த ஊர்ல ஏன் தேடலன்னு கேப்பாங்க. எடுத்துடுய்யா.”

உத்தரவை எழுத்தில் கேட்டேன். “வாயால சொன்னா போதாதா?” என்றார். எடுத்துவிட்டேன். என் சர்வீஸில் நான் செய்த ஒரே முட்டாள்தனம் அது.

அடுத்த மாதமே, காரைக்காலில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் 'பதிவு இல்லை' என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அவள் புகார் செய்தாள். விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது, கையெழுத்து அவருடையது. வாய்மொழி உத்தரவு எதுவும் தனக்கு நினைவில்லை என்று விசாரணையில் சொன்னார். பணிப்பதிவேட்டில் கண்டிப்பு ஏறியது. எடுத்த வரியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி மட்டும் யாரும் உத்தரவு போடவில்லை. அந்தக் கறையோடுதான் ஓய்வு பெற்றேன். அதைத் துடைக்க அவர் கைப்பட ஒரே ஒரு தாள் போதும். எட்டு வருஷம் காத்திருந்தேன்.

சென்ற மாதம் அவரே குருசுக்குப்பத்தில் என் வீட்டைத் தேடி வந்தார். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். மகளுக்குப் பாரீஸில் கல்யாணம். அங்கே மேரியில், அதாவது நகராட்சியில், புதிதாக எடுத்த பிறப்புச் சான்று கேட்கிறார்கள், பழையது செல்லாது. மூன்று முறை கவுன்ட்டருக்குப் போயிருக்கிறார். மூன்று முறையும் 'பதிவு இல்லை'.

“வெள்ளிக்கெழமைக்குள்ள அனுப்பலன்னா குறிச்ச தேதி போயிடும்யா. நீ எழுதுன ப்ரோக்ராம்தானே, என்னன்னு பாரேன்.”

“பொண்ணு எங்க சார் பொறந்துச்சு?”

“காரைக்கால்ல. நான் அங்க போஸ்டிங்ல இருந்தப்ப.”

காபி கொடுத்தேன். கூடவே வெள்ளைத்தாளும் பேனாவும் வைத்தேன்.

“இது எதுக்கு?”

“அந்த வரிய எடுக்கச் சொன்னது நான்தான்னு எழுதி கையெழுத்து போடுங்க சார். அப்புறம் என்ன தட்டணும்னு சொல்றேன்.”

“பழசயெல்லாம் கெளர்றியே. என் பொண்ணு உனக்கு என்ன பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணல. அதனாலதான் உங்கள உள்ள உக்கார வச்சிருக்கேன்.”

காபியைத் தள்ளி வைத்தார். பிறகு எழுதினார். தேதி போடவில்லை, போடச் சொன்னேன். 'நினைவின்படி' என்று ஒரு சொல்லை நுழைத்திருந்தார். அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்கச் சொன்னேன். இரண்டாவது பிரதியும் வாங்கிக்கொண்டேன். அதன் பிறகுதான் ஒரு சீட்டில் கட்டளையை எழுதிக் கொடுத்தேன்: 'பதிவேடு' முடிந்ததும், 'பிறப்பு' தொடங்கும் முன், 'காரைக்கால்' என்று சேர்க்க வேண்டும்.

“இவ்ளோதானா?” என்றார்.

“இவ்ளோதான் சார்.”

மறுநாள் பதினொரு மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. சான்று கிடைத்திருக்கும், என் கருவியைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. நான் போனை எடுக்கவில்லை. அலுவலகத் தபால் பிரிவில், அவர் எழுதிய தாளை இணைத்து, கண்டிப்பை ரத்து செய்யக் கோரும் மனுவோடு நின்றிருந்தேன்.

“ரிட்டயர்டு ஆனவருக்கு இனிமே இது என்னா சார் ஆவப்போவுது?” என்றார் வாங்கிய எழுத்தர்.

“நீங்க சீல் போடுங்க.”

முத்திரையில் தேதி மங்கலாக விழுந்தது. மறுபடி போடச் சொன்னேன்.