பேச்சி வீட்டுப் பக்கச் சுவர்

வைகைக் கரையில் எங்கள் குடிசைகளை வெள்ளம் கொண்டுபோன வருஷம் அது. பிழைக்க வழியின்றிப் பாதிப் பேர் இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். பஞ்சு மில்லில் வேலை பார்த்து மிச்சமிருந்த குடும்பங்களாவது ஊரில் தங்கட்டும் என்று, தெருக்காரர்கள் சங்கம் கூட்டி, வண்டியூர்ப் பக்கம் மேட்டு நிலத்தில் செங்கல் வீடுகள் கட்டத் தீர்மானித்தார்கள். எல்லோரும் சேர்ந்து உழைத்து, ஒவ்வொரு வீடாக எழுப்ப வேண்டும்.

முதல் வீடு பேச்சிக்கு என்றார்கள். புருஷனை இழந்தவள், கைக்குழந்தைக்காரி, நியாயம்தான். ஆனாலும் என் வயிறு எரிந்தது. அவள் வீட்டுக்கு மண் சுமந்த நாளெல்லாம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் கணவரோ, "நம்ம முறை எப்ப வர்றது? கண்டிக்கே போயிருவோம்" என்றார்.

பேச்சி பால் காய்ச்சிய அன்று, குறை கண்டுபிடிக்கவே வீட்டைச் சுற்றினேன். பக்கச் சுவரின் ஓரத்தில் செங்கற்கள் பல் பல்லாக நீட்டிக்கொண்டிருந்தன. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"என்ன பேச்சி, இம்புட்டு அசிங்கமாக் கட்டியிருக்காக?"

"நான்தான் மதினி அப்படி விடச் சொன்னேன். உங்க வீட்டை இதோட கோத்துக் கட்டிரலாம்ல? ஒரு சுவரு மிச்சம். அடுத்தது உங்களுக்குத்தான்னு சங்கத்துல மல்லுக்கட்டி வாங்கிட்டேன். கண்டிக்குப் போயிராதீக மதினி."

அவள் நீட்டிய பால் தம்ளரை வாங்க எனக்குக் கை வரவில்லை.

நாங்கள் கப்பல் ஏறவில்லை. பொறாமை அன்றோடு ஒழிந்தது என்று சொன்னால் பொய். எங்கள் முருங்கைக்கு முந்தி அவள் முருங்கை காய்த்தபோதும் எரிந்தது. ஆனால் அதை மூடி வைக்காமல் அவளிடமே போய்ச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.